ஒரு லிட்டர் சேமியா எத்தனை கிராம்?



மிக எளியது போலத் தோன்றும் ஒரு கேள்வியுடன் தொடங்குவோம். கடையில் வாங்கி வந்த சேமியாப் பொட்டலத்தின் மேல் 'நிகர எடை 500 கிராம்' என்று அச்சிட்டிருக்கிறது. பாயசத்துக்கு இரண்டு ஆழாக்கு சேமியா போதும் என்கிறார் பாட்டி. வீட்டில் தராசு இல்லை. பொட்டலத்தில் எவ்வளவு எடுப்பது? பாதியா, கால் பங்கா?

இதே சேமியாவுக்குப் பதில் பால் என்றால் நமக்குக் குழப்பமே இல்லை. ஒரு லிட்டர் நீரின் நிறை ஒரு கிலோகிராம். பால் அதைவிடச் சிறிதே கூடுதல். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராம். நீர்மங்களுக்கு அடர்த்தி என்ற ஒரே எண் தெரிந்தால் போதும். லிட்டரைக் கிலோவாகவும் கிலோவை லிட்டராகவும் மாற்றிவிடலாம். அடர்த்தி என்பது நிறையைக் கனஅளவால் வகுத்தால் வருவது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே படித்திருக்கிறீர்கள்.

அந்தச் சூத்திரத்தை எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குள் நுழையுங்கள். அரிசி, நெல், ரவை, சேமியா, மக்ரோனி ஆகியவற்றிடம் அது அப்படியே செல்லுபடி ஆகாது. ஏன் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம். இது வெறும் சமையல் கணக்கு அன்று. நெல்லைக் கூலியாக வாங்கிய உழைப்பாளியின் வயிற்றோடும், இன்று நெல் மூட்டையைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகும் உழவரின் பணத்தோடும் தொடர்புடைய கணக்கு.

ஒரு பொருள், இரண்டு அடர்த்தி

ஒரு தம்ளர் நிறைய அரிசி எடுத்துக்கொள்ளுங்கள். தம்ளர் நிறைந்துவிட்டது என்கிறோம். உண்மையில் நிறைந்திருக்கிறதா? அதே தம்ளரில் மெல்ல நீரை ஊற்றிப் பாருங்கள். ஓர் அரிசியும் வெளியே வராமல், கணிசமான நீர் உள்ளே இறங்கிவிடும். அந்த நீர் எங்கே போயிற்று? அரிசிமணிகளுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தைத்தான் அது பிடித்துக்கொண்டது.

ஆகவே, மணிகளாகவும் துண்டுகளாகவும் உள்ள எந்தப் பொருளுக்கும் இரண்டு அடர்த்திகள் உண்டு. ஒன்று, தனித்த ஒரு மணியின் அடர்த்தி. இதை மணி அடர்த்தி என்று அழைப்போம். மற்றொன்று, இடையிலுள்ள காற்றையும் சேர்த்து, பாத்திரத்தில் கொட்டிய நிலையில் உள்ள அடர்த்தி. இது பரும அடர்த்தி. பாத்திரத்தின் இடத்தில் எத்தனை பங்கை மணிகள் உண்மையாக அடைத்துக்கொள்கின்றனவோ, அதை நிரம்பும் பங்கு என்போம். மூன்றுக்கும் உள்ள தொடர்பு இதுதான்:

பரும அடர்த்தி = மணி அடர்த்தி × நிரம்பும் பங்கு

அளக்கும் படியும் ஆழாக்கும் பரும அடர்த்தியோடுதான் சம்பந்தப்பட்டவை. பாடநூல் அட்டவணைகளில் உள்ள அடர்த்தியோ பெரும்பாலும் திண்மப் பொருளின் அடர்த்தி. இரண்டையும் ஒன்றென்று எண்ணினால் கணக்குத் தவறும்.

செய்து பாருங்கள்

இதற்கு வேண்டியவை: 200 மில்லிலிட்டர் கொள்ளும் ஒரு தம்ளர், பள்ளி ஆய்வகத்திலுள்ள அளவுசாடி, ஒரு தராசு, கொஞ்சம் அரிசி.

முதலில் தம்ளர் விளிம்பு வரை எத்தனை மில்லிலிட்டர் நீர் கொள்கிறது என்று அளவுசாடியால் அறியுங்கள். பிறகு தம்ளரை நன்றாகத் துடைத்து, அரிசியால் நிரப்பி, ஒரு தட்டையான அளவுகோலால் மேற்புறத்தை வழித்துவிடுங்கள். அரிசியை மட்டும் நிறுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 160 கிராம் இருக்கும். மீண்டும் அரிசியைத் தம்ளரில் இட்டு, அளவுசாடியிலிருந்து நீரைச் சிறுகச் சிறுக ஊற்றுங்கள். காற்றுக்குமிழிகள் வெளியேற நேரம் கொடுங்கள். ஆனால் அதிகம் தாமதிக்காதீர்கள், அரிசி நீரை உறிஞ்சத் தொடங்கிவிடும். விளிம்பு வரை நிரம்ப ஏறத்தாழ 88 மில்லிலிட்டர் நீர் செல்வதாகக் கொள்வோம்.

அப்படியானால் அரிசிமணிகளின் உண்மையான கனஅளவு 200 − 88 = 112 மில்லிலிட்டர். மணி அடர்த்தி 160 ÷ 112, அதாவது ஏறத்தாழ 1.43. நிரம்பும் பங்கு 112 ÷ 200 = 0.56. பரும அடர்த்தி 160 ÷ 200 = 0.8. இப்போது 1.43 × 0.56 என்பதைப் பெருக்கிப் பாருங்கள், 0.8 வருகிறதல்லவா?

நாம் 'ஒரு தம்ளர் அரிசி' என்று சொல்வதில் பாதிக்குச் சற்று மேல்தான் அரிசி, எஞ்சியது காற்று! அரிசிமணி நீரைவிடக் கனமானது; நீரில் போட்டால் அமிழ்ந்துவிடுகிறது. ஆயினும் ஒரு லிட்டர் அரிசி ஒரு லிட்டர் நீரைவிட எடை குறைவு. இந்த முரண்பாட்டுக்கு விடை அந்தக் காற்றில் இருக்கிறது.

கோதுமை ஒன்று, வடிவம் பல

ரவை, மைதா, சேமியா, மக்ரோனி ஆகிய நான்கையும் ஒரு மேசை மேல் வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். கோதுமையிலிருந்து வந்தவை நான்கும். இத்தாலியில் பாஸ்தா என்ற பொதுப் பெயரால் வழங்கும் உலர்ந்த மாவுப் பண்டங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவையே நம் சேமியாவும் மக்ரோனியும். பிசைந்த மாவை அச்சில் இட்டுப் பிழிந்து உலர்த்தினால் அவை கிடைக்கின்றன. உலர்ந்த நிலையில் இந்த மாவுத் திண்மத்தின் அடர்த்தி ஏறத்தாழ 1.4 முதல் 1.5 வரை.

ஆனால் ஒரு லிட்டர் பாத்திரத்தில் அளந்து நிறுத்தால், ரவை ஏறத்தாழ 650 முதல் 700 கிராம். சலித்துத் தளர்வாக இட்ட மைதா 500 கிராமை ஒட்டி நிற்கும். அழுத்தி நிரப்பினால் 600ஐத் தாண்டும். மக்ரோனியோ 420 முதல் 450 கிராம்தான்! பொருள் ஒன்றாயிருக்க, வடிவம் மாறியதுமே லிட்டரின் எடை மாறிவிட்டது.

மக்ரோனியின் எண்ணை நாமே கணக்கிட்டுவிடலாம். அது ஒரு குட்டிக் குழாய். வெளிவிட்டம் 6 மில்லிமீட்டர், சுவரின் தடிமன் 1 மில்லிமீட்டர் என்று கொள்ளுங்கள். உள்விட்டம் 4 மில்லிமீட்டர். வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே துளையின் பங்கு 16 ÷ 36 = 0.44. குழாயில் மாவு இருப்பது 0.56 பங்குதான். இனி, வளைந்த இந்தக் குழாய்கள் பாத்திரத்தில் தாறுமாறாக விழுந்து, வெளி உருவத்தால் 0.55 பங்கு இடத்தைப் பிடிப்பதாகக் கொள்வோம். ஒரு குழாயின் துளைக்குள் வேறொரு குழாய் நுழைய முடியாது; ஆகவே அந்தத் துளை வீணான இடமே. மொத்தத்தில் மாவின் பங்கு 0.55 × 0.56 = 0.31. இதை 1.4 ஆல் பெருக்கினால் 0.43. அதாவது ஒரு லிட்டருக்கு 430 கிராம். நிறுத்துப் பார்த்ததும் இதே அளவில்தான் வந்தது. வெளியே உள்ள இடைவெளி, உள்ளே உள்ள துளை ஆகிய இரண்டும் சேர்ந்து பாத்திரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டன.

உழக்குக்குள் கிழக்கு மேற்கு

'உழக்குக்குள் கிழக்கு மேற்கா?' என்று ஒரு பழமொழி உண்டு. சின்னஞ்சிறு உழக்கில் திசை பார்ப்பது வேடிக்கை என்பது அதன் பொருள். ஆனால் உழக்கில் சேமியாவைப் போட்டுவிட்டால், திசை பார்க்காமல் தீராது!

முதலில் உருண்டைகளைக் கவனிப்போம். ஒரே அளவான கோலிகளை ஒழுங்காக அடுக்கினால், எவ்வளவு நெருக்கமாக அடுக்க முடியும்? ஜெர்மானிய வானியலறிஞர் யோகான்னஸ் கெப்ளர் 1611இல் ஒரு விடை சொன்னார். பழக்கடைக்காரர் சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்குவது போன்ற முறையே மிக நெருக்கமானது என்றார். அதில் நிரம்பும் பங்கு 74 விழுக்காடு. இதைக் கணிதவியலார் முழுமையாக நிரூபிக்க முயன்று முயன்று, 1998இல்தான் அமெரிக்கக் கணிதவியலார் தாமஸ் ஹேல்ஸ் கணிப்பொறியின் துணையோடு நிரூபணம் ஒன்றை முன்வைத்தார்.

அடுக்காமல் கொட்டினால்? கனடாவின் டொரான்டோவில் ஸ்காட் என்ற ஆய்வாளர் எஃகுக் குண்டுகளைப் பாத்திரத்தில் கொட்டி அளந்து, 1960இல் முடிவை வெளியிட்டார். மெல்லக் கொட்டினால் 60 விழுக்காடு; நன்றாகக் குலுக்கினால் ஏறத்தாழ 64 விழுக்காடு. அதற்கு மேல் எவ்வளவு குலுக்கினாலும் ஏறுவதில்லை. சற்றே நசுங்கிய உருண்டைகள் இதைவிட நெருக்கமாக அமையும் என்பது இன்னொரு வியப்பு. பொத்தான் வடிவ மிட்டாய்களை வைத்துச் சோதித்த அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அவை ஏறத்தாழ 68 விழுக்காடு இடத்தை நிரப்புவதை 2004இல் அறிவித்தார்கள். நசுங்கிய உருண்டை சற்றுச் சாய்ந்தும் திரும்பியும் சந்துகளில் நுழைந்துகொள்கிறது.

ஆனால் நசுக்கலுக்கும் நீட்டலுக்கும் ஓர் எல்லை உண்டு. மிக நீண்ட குச்சிகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுத் தடுத்துக்கொள்கின்றன. தாறுமாறாகக் கொட்டிய நீண்ட குச்சிகளுக்கு ஒரு தோராய விதி உண்டு: நீளம் தடிமனைப்போல் எத்தனை மடங்கோ, அந்த எண்ணை நிரம்பும் பங்கால் பெருக்கினால் ஏறத்தாழ 5 வரும். 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள சேமியாவை 20 மில்லிமீட்டர் துண்டுகளாக நொறுக்கினால் நிரம்பும் பங்கு 5 ÷ 20 = 0.25, ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 350 கிராம். 50 மில்லிமீட்டர் துண்டுகளாக உதறிப் போட்டால் 5 ÷ 50 = 0.10, ஒரு லிட்டருக்கு 140 கிராம்தான்.

அதே நீண்ட சேமியாவைக் கலைக்காமல், விறகுக் கட்டுப் போல ஒரே திசையில் அடுக்கினால்? சம வட்டங்களை ஒரு தளத்தில் மிக நெருக்கமாக அடுக்கினால் 90.7 விழுக்காடு இடம் நிரம்பும் என்பது வடிவகணிதம். கையால் அடுக்குவதில் 80 விழுக்காடு கிடைத்தாலும், லிட்டருக்கு 1,100 கிராமுக்கு மேல்!

ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு ஒரே விடை கிடையாது. ஒரு லிட்டர் சேமியா 140 கிராமாகவும் இருக்கலாம், 1,100 கிராமாகவும் இருக்கலாம். நீளம் என்ன, எத்திசையில் கிடக்கிறது என்று சொன்னால்தான் கேள்வி முழுமை பெறும். இரண்டு ஆழாக்கு என்று பாட்டி சொன்னால், 'நொறுக்கியா, நொறுக்காமலா?' என்று நீங்கள் கேட்பது குறும்பு அன்று, இயற்பியல்!

களத்துமேட்டுக் கணக்கு

புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வார்கள். பெண்ணையாற்று நீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வந்து வயல்களுக்குப் பாய்கிறது. வடக்கே வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணி ஆறும் ஊசுட்டேரியும் உள்ளன. இந்தக் கொம்யூன்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பருவம் பார்த்து நெல் விளைகிறது. தராசு ஊருக்குள் வரும் முன் அந்த நெல்லை அளந்தது மரக்கால்.

பழைய வாய்பாடு இது: 2 ஆழாக்கு 1 உழக்கு, 2 உழக்கு 1 உரி, 2 உரி 1 நாழி, 8 நாழி 1 குறுணி, 2 குறுணி 1 பதக்கு, 2 பதக்கு 1 தூணி, 3 தூணி 1 கலம். குறுணியைத்தான் மரக்கால் என்றும் சொல்வார்கள். ஆகவே 12 மரக்கால் 1 கலம். முதல் மரக்காலை 'ஒன்று' என்று எண்ணாமல் 'லாபம்' என்று எண்ணித் தொடங்குவது களத்து வழக்கம்.

வாய்பாடு எங்கும் ஒன்றுதான். மரக்கால் மட்டும் ஊருக்கு ஊர் வேறு. சின்னப்படி என்றும் பட்டணம் படி என்றும் வெவ்வேறு படிகள் புழங்கின. இந்தச் சிக்கல் புதிதன்று. சோழர் காலத்திலேயே எந்த மரக்காலால் அளப்பது என்று பெயரிட்டுக் குறிப்பிட வேண்டியிருந்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்னும் மரக்கால் குறிக்கப்படுகிறது.

மரக்கால் ஒன்றேயானாலும், அளக்கும் கை மாறினால் நெல் மாறும். இதில் மூன்று நுட்பங்கள் உள்ளன.

முதலாவது, கொட்டும் உயரம். நெல்லை மெல்ல வழியவிட்டால் மணிகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து சிறு சிறு பாலங்கள் கட்டி, அடியில் வெற்றிடம் விட்டு நின்றுவிடும். உயரத்திலிருந்து கொட்டினால் மணிகள் இயக்க ஆற்றலோடு வந்து மோதி, அந்தப் பாலங்களை உடைத்து நெருங்கி அமரும்.

இரண்டாவது, குலுக்கல். மரக்காலை இரண்டு தட்டுத் தட்டினால் நெல் இறங்கி, இன்னும் கொஞ்சம் இடம் உண்டாகும். தளர்வான நிரப்பலுக்கும் தட்டிய நிரப்பலுக்கும் 10 விழுக்காடு வரை வேறுபாடு வரலாம். ஒரு கலத்துக்கு அது 1 மரக்காலுக்கும் மேல்!

மூன்றாவது, தலை. மேற்புறத்தை வழித்து அளப்பது ஒரு முறை. கோபுரம் போல் குவித்து அளப்பது இன்னொரு முறை. குவித்த நெல் ஏறத்தாழ 35 பாகை சாய்வு வரை சரியாமல் நிற்கும். அதன் டான் மதிப்பு 0.7. ஆகவே குவியலின் உயரம் வாயின் ஆரத்தைப்போல் 0.7 மடங்கு. கூம்பின் கனஅளவுச் சூத்திரம் உங்களுக்குத் தெரியும்.

ஒரு லிட்டர் கொள்ளும் இரண்டு பாத்திரங்களை எடுத்துக்கொள்வோம். முதலாவதன் வாய் ஆரம் 5 செ.மீ., உயரம் 12.7 செ.மீ. குவியலின் உயரம் 3.5 செ.மீ. கனஅளவு ஏறத்தாழ 92 மில்லிலிட்டர். அதாவது 9 விழுக்காடு கூடுதல். இரண்டாவது அகன்ற பாத்திரம். ஆரம் 8 செ.மீ., உயரம் ஏறத்தாழ 5 செ.மீ. இதில் குவியலின் உயரம் 5.6 செ.மீ.; கனஅளவு ஏறத்தாழ 375 மில்லிலிட்டர். 37 விழுக்காடு கூடுதல்! குவியலின் கனஅளவு ஆரத்தின் மூன்றாம் படியோடு வளர்வதால் வந்த வேறுபாடு இது. இரண்டும் 'ஒரு லிட்டர்' பாத்திரங்களே.

குத்தகை நெல்லை வாங்கும்போது அகன்ற மரக்காலில் குலுக்கிக் குவித்து அளந்து, கூலி நெல்லைக் கொடுக்கும்போது மெல்ல இட்டுத் தலை வழித்து அளந்தால், கணக்கேட்டில் எண் பிசகாது. ஆனால் உழைத்தவன் வீட்டில் அரிசிப்பானை குறையும். கூலி நெல்லின் அளவு எத்தனை கூர்மையான பிரச்சினையாக இருந்தது என்பதற்கு வரலாறு சான்று. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்த்தஞ்சையின் கீழ்வெண்மணியில் 44 பேர் தீக்கிரையான கொடுமையின் பின்னணியில், நெல்லாக வாங்கிய கூலியில் உயர்வு கேட்ட தகராறு இருந்தது. அடுத்த ஆண்டே விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது.

தராசு வந்த பிறகு

மெட்ரிக் முறை பிரெஞ்சு நாட்டில் 1795இல் சட்டமாயிற்று. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுவையிலோ, மக்கள் வழக்கில் படியும் மரக்காலும் வெகுகாலம் நீடித்தன. இந்திய அரசு 1956இல் எடை அளவுச் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகளைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. இன்று நெல் குவிண்டாலில் விலை பேசப்படுகிறது.

தராசின் பெருமை இதுதான்: குலுக்கினாலும் கொட்டினாலும் குவித்தாலும் நிறை மாறாது. காற்று எவ்வளவு இருந்தால் என்ன, அது நெல்லின் எடையைக் கூட்டுவதில்லை.

ஆனால் தராசுக்கும் தெரியாத ஒன்று உண்டு, அது ஈரம். அரசுக் கொள்முதலில் நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மழைக்காலங்களில் சில சமயம் தளர்த்துவார்கள். 22 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. அதை 17 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் எடை 78 ÷ 0.83, அதாவது 94 கிலோ. 6 கிலோ வெறும் தண்ணீர். அறுவடைக் காலத்தில் சாலையோரமெல்லாம் நெல் காய்வது எதற்கு என்று இப்போது புரிகிறதல்லவா? அளவையின் ஏமாற்று காற்றில். எடையின் ஏமாற்று நீரில். அதனால்தான் கொள்முதல் நிலையத்தில் தராசோடு ஈரப்பதமானியும் வேண்டியிருக்கிறது.

நெல்லிலிருந்து அரிசிக்கு வருவோம். ஒரு லிட்டர் நெல் ஏறத்தாழ 575 கிராம். உமியும் சொரசொரப்பும் இடைவெளியைக் கூட்டுவதால் இந்தக் குறைவு. ஆலையில் 100 கிலோ நெல்லுக்கு ஏறத்தாழ 66 கிலோ அரிசி கிடைத்தால், 575 கிராம் நெல்லுக்கு 380 கிராம் அரிசி. லிட்டருக்கு 820 கிராம் என்ற கணக்கில் அது 0.46 லிட்டர். இரண்டு படி நெல்லுக்கு ஒரு படிக்குச் சற்றுக் குறைவான அரிசி! சோழர் காலக் கோயில் கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற விகிதம் காணப்படுகிறது, அது 0.40. கையால் குத்திப் புடைத்த அரிசிக்கு அந்த எண் எவ்வளவு பொருத்தம் என்று வியக்கலாம்.

சமையற்கட்டுக்கு ஒரு வழி

1896இல் அமெரிக்காவில் பேன்னி பார்மர் அம்மையார் வெளியிட்ட சமையல் நூல், கோப்பையையும் கரண்டியையும் தலை வழித்தே அளக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. 'கை நிறைய', 'கொஞ்சம் போல' என்ற அளவுகள் அங்கும் சமையலைக் கெடுத்திருக்கின்றன! அவர் சொன்ன விதியை நாமும் பின்பற்றலாம். தலை வழியுங்கள், தட்டாதீர்கள், ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக நிரப்புங்கள்.

பின்வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தலை வழித்த ஒரு லிட்டரின் தோராய எடை இது:

அரிசி – 800 முதல் 850 கிராம்
நெல் – 550 முதல் 600 கிராம்
ரவை – 650 முதல் 700 கிராம்
மக்ரோனி – 420 முதல் 450 கிராம்

மின்சார அரிசிக் குக்கரோடு வரும் கோப்பை 180 மில்லிலிட்டர் கொள்ளும். அதில் ஏறத்தாழ 150 கிராம் அரிசி பிடிக்கும். அரைக் கிலோ அரிசி என்றால் அந்தக் கோப்பையால் ஏறத்தாழ மூன்றரை. அரைக் கிலோ மக்ரோனி என்றால் ஆறரை.

தராசு இல்லாத வீட்டில் சேமியாவுக்கு ஓர் எளிய தந்திரம் உண்டு. பொட்டலத்தின் மேல் எடை அச்சிட்டிருக்கிறதே, அதுவே உங்கள் தராசு! பொட்டலம் முழுவதையும் நொறுக்கி, ஆழாக்கால் தலை வழித்து அளந்து எண்ணுங்கள். 500ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஓர் ஆழாக்கின் எடை. அதை டப்பாவின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை அதே வகைச் சேமியாவை அதே அளவு நொறுக்கும் வரை அந்த எண் உதவும்.

இன்னொரு கணக்கு. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை மதிய உணவுத் திட்டத்தில் ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் தானியம் என்பது நாடு தழுவிய விதி. புதுவையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தரும் வழக்கம் பிரெஞ்சு ஆட்சியில், 1930இலேயே தொடங்கியது. 60 மாணவர்களுக்கு 9 கிலோ அரிசி வேண்டும். 'லிட்டரும் கிலோவும் ஒன்றுதானே' என்று 9 லிட்டர் அரிசி அளந்து போட்டால், உலையில் விழுவது 7.38 கிலோதான். ஒரு பிள்ளைக்கு 123 கிராம். ஒவ்வொரு தட்டிலும் 27 கிராம் அரிசி குறைகிறது. யாரும் திருடவில்லை; ஆனால் பிள்ளைகளின் சோறு காற்றோடு போயிற்று. சரியான அளவு 9,000 ÷ 820, அதாவது 11 லிட்டர்.

உங்களுக்கு மூன்று வேலைகள்

1. வீட்டிலோ அக்கம்பக்கத்திலோ பழைய படி, உழக்கு, ஆழாக்கு எது கிடைத்தாலும் எடுத்து, நீர் ஊற்றி, அளவுசாடியால் அதன் கொள்ளளவைக் காணுங்கள். பாகூரில் கிடைத்த படியும் வில்லியனூரில் கிடைத்த படியும் ஒத்திருக்கின்றனவா?

2. ஒரே சேமியாவை 1 செ.மீ., 2 செ.மீ., 4 செ.மீ. நீளமுள்ள துண்டுகளாக நொறுக்கி, ஒரே பாத்திரத்தில் அளந்து நிறுத்துப் பாருங்கள். நீளத்துக்கும் எடைக்கும் வரைபடம் வரையுங்கள். நீளம் இரண்டு மடங்கானால் எடை பாதியாகிறதா? குறுகிய துண்டுகளில் தோராய விதி பொய்ப்பதைக் கண்டால், காரணத்தைச் சிந்தியுங்கள்.

3. தட்டாமல் நிரப்பிய அரிசி, 10 முறை தட்டிய அரிசி, 50 முறை தட்டிய அரிசி ஆகியவற்றின் எடைகளை ஒப்பிடுங்கள். எத்தனை தட்டுக்குப் பின் எடை ஏறாமல் நின்றுவிடுகிறது?

மூன்றாவது சோதனையை முடித்தவுடன், உங்கள் ஊரில் களத்துமேட்டில் நெல் அளந்த முதியவர் ஒருவரிடம் அந்த எண்களைக் காட்டுங்கள். மரக்காலை எப்படி எப்படி அளப்பார்கள் என்று அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். உங்கள் வரைபடத்தில் உள்ளதில் பெரும்பகுதி அவருக்கு முன்பே தெரிந்திருக்கும்.